மாரிமுத்துவுக்கு லீவு கொடுத்தவன்

1

என் மகளின் கைப்பேசிக்கு அழைப்பு வந்தால் முதலில் மாரிமுத்து பேசுவார். "நெசமாவா சார்? நெசமாவா சார்?" என்று இரண்டு முறை கேட்பார். அடுத்து ஒரு பெரிய சிரிப்பு வரும். அவள் சீக்கிரம் எடுத்துவிட்டால் சிரிப்பு பாதியில் நின்றுபோகும்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு மாரிமுத்துவைத் தெரிந்திருக்காது. இங்கே ஷார்ஜாவில், துபாயில் தமிழ் பேசும் எவரைக் கேட்டாலும் தெரியும். விசா மெடிக்கலுக்கு ரத்தம் கொடுக்க நிற்கும் வரிசையில், சலூனில், ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில், யாருடைய பையிலிருந்தாவது அவர் "நெசமாவா சார்?" என்பார். நாலு பேர் புன்னகைப்பார்கள். அவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். ஷார்ஜாவில் முவைலா தொழிலாளர் கேம்ப்பில் தங்கிக் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். நான்கு வருடமாக இந்த நாட்டிலேயே அவர் இல்லை. ரிங்டோன் மட்டும் விசா இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மகள் தர்ஷினிக்குப் பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். பசி, தண்ணீர், காசு ஆகிய மூன்றுக்கும் தமிழ் வைத்திருக்கிறாள். மற்றதெல்லாம் ஆங்கிலம்.

"அதை மாத்திடும்மா" என்றேன் ஒருநாள்.

"ஒய் டாடி? ஹி இஸ் சோ ஃபன்னி. அந்த ஆக்சென்ட்! என் க்ளாஸ்ல பாதிப் பேர் வச்சிருக்காங்க."

"அந்த ஆளு யாருன்னு தெரியுமா உனக்கு?"

"சம் லேபரர்" என்றாள். நான் கோபித்துக்கொள்ளக்கூட அதில் ஒன்றும் இல்லை. உண்மையைத்தானே சொன்னாள்.

போன மாதம் எங்கள் வானொலிக்கு ஐந்து வயது நிறைந்தது. ஆண்டு விழா நிகழ்ச்சிக்காக நேயர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஐந்து வருடத்தில் உங்களை அதிகம் சிரிக்க வைத்தது எது என்று கேட்டார்கள். மாரிமுத்து முதலிடம். அவரை ஊரில் தேடிப் பிடித்து விழா அன்று நேரலையில் பேச வைப்பது என்று முடிவானது. பேச வேண்டிய ஆள் நான்தான் என்றும் முடிவானது. ஏனென்றால் அந்த "சார்" நான்.

2

வானொலி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கேம்ப்பில் ஒரே கட்டிலில் மூன்று ஷிப்ட்டுக்கு மூன்று பேர் படுப்பார்கள். எங்கள் அலைவரிசையும் அப்படித்தான். காலை ஏழு மணி வரை மலையாளிகள் படுத்து எழுந்த சூட்டோடு நாங்கள் ஏறுவோம். ஏழிலிருந்து ஒன்பது தமிழ். ஒன்பதுக்கு இந்திக்காரர்கள் கதவைத் தட்டிவிடுவார்கள். கட்டிலின் சொந்தக்காரர் ஓர் அரபு முதலாளி. நடுவில் சரியாக எட்டு மணிக்கு அவருடைய அரபிச் செய்தி வரும். நாங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் கணினி எங்களை வெட்டிவிட்டு அதைப் போட்டுவிடும்.

நான் திருச்சிக்காரன். கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு அலுவலகத்தில் டாகுமெண்ட் கிளார்க்காக இருந்தேன். குரல் நன்றாக இருக்கிறது என்று சொன்ன நான்கு பேரை நம்பி வானொலிக்கு வந்தேன். என்னோடு சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரி. தொலைபேசி மேசை அவள் பொறுப்பு. நேயர்கள் அழைத்தால் பெயர், ஊர், பாட்டு கேட்டு எழுதி எனக்குத் தருவாள்.

முதல் வருடம் எங்களை யாரும் கேட்கவில்லை. மலையாளிகளுக்கும் இந்திக்காரர்களுக்கும் விளம்பரம் குவிந்தது. எங்களுக்கு வந்தது ஒரு மசாலா கம்பெனி, அதுவும் மலையாளிகள் மிச்சம் வைத்தது. அப்போதுதான் முதலாளி எங்களைத் தூக்கி நிறுத்த அமெரிக்காவிலிருந்து ரான் என்ற பழைய வானொலிக்காரரை வரவழைத்தார்.

ரானுக்கு அறுபது வயதிருக்கும். அவருடையது மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் ஏதோ ஒரு சிற்றூர். அங்கே ஆணி, சுத்தியல் விற்கும் கடைக்கு மாடியில் ஓர் அறையில் வானொலி. ஆறு மணிக்குச் சோளம் விலை, பன்றி விலை. எட்டு மணிக்கு ஊரில் யார் செத்தார்கள் என்ற அறிவிப்பு, பின்னால் மெல்லிய ஆர்கன் இசை. ஒன்பதுக்கு விற்பனை நேரம்: பழைய ஃப்ரிட்ஜ் இருக்கிறது, நாய்க்குட்டி மிஞ்சியிருக்கிறது என்று ஆட்கள் போன் செய்வார்கள். சனிக்கிழமை பள்ளிக்கூடப் பந்தாட்டம், ஞாயிறு தேவாலயம். ஆளுக்கேற்ற மாதிரி எல்லாம் கலந்து கிடக்கும். அதுதான் பழைய உள்ளூர் வானொலி என்றார்.

பிறகு நகரத்தில் ஒருத்தருக்கு ஞானம் வந்ததாம். மதுக்கடையில் காசு போட்டால் பாடும் பெட்டி. எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே பாட்டையே போடுகிறார்கள். கடை மூடியபின் பணிப்பெண்ணும் தன் கைக்காசைப் போட்டு அதே பாட்டைத்தான் கேட்கிறாள். அப்படியானால் நாற்பது பாட்டு போதும், சுற்றிச் சுற்றி விடு. அங்கிருந்து ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு சாதியாகப் பிரிந்ததாம். ஒன்று நாட்டுப்புறப் பாட்டு மட்டும். ஒன்று பழசு மட்டும். ஒன்று செய்தி மட்டும். ஒன்று நாள் முழுக்கச் சண்டை மட்டும். கடைசியில் பெரிய கம்பெனிகள் சின்ன நிலையங்களை வாங்கிக் கணினியை வைத்தன. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவன் "நம்மூரில் இன்று நல்ல மழை" என்று பதிவுசெய்து அனுப்பினான். ரானின் ஊர் வறட்சியில் காய்ந்துகொண்டிருந்தது. ரானுக்கும் வேலை போயிற்று.

அங்கே விலை போகாததை இங்கே விற்க வந்தவர் அவர். நாங்கள் மட்டும் வேறு எதற்கு வந்தோம்.

3

முதல்நாள் வெள்ளைப் பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டார். ஒரு மணி நேரத்தைத் தோசையை வெட்டுவதுபோல் வெட்டினார். இந்தத் துண்டு பாட்டு, இது விளம்பரம், இது வானிலை. அதற்குக் கடிகாரம் என்று பெயர். ஏழு ஐம்பதிலிருந்து எட்டு வரைக்கும் உள்ள துண்டை வண்ணப் பேனாவால் நிரப்பினார். வேலைக்குப் போகிறவனைக் காரைவிட்டு இறங்காமல் உட்கார வைக்கிற துண்டு அது. அதில் ஒரு அப்பாவியைக் கூப்பிட்டு ஏமாற்ற வேண்டும். கடைசி நிமிடத்தில் "நாங்கள் ரேடியோவிலிருந்து பேசுகிறோம்" என்று உடைக்க வேண்டும். அவன் திட்டுவான் அல்லது சிரிப்பான். எதுவானாலும் லாபம்.

"ஒரே ஒரு விதி" என்றார் ரான். "உடைப்பது காற்றில்தான் நடக்க வேண்டும். மைக் மூடியிருக்கும்போது உண்மையைச் சொல்லி வீணாக்காதே."

விதி எனக்குப் பிடித்துப்போனது. மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அது கைவந்த கலையாகவும் இருந்தது. இரண்டே வாரத்தில் சொந்த மனைவியின் அக்காவையே அழ வைத்தேன். மேனேஜர்கள், சமையல்காரர்கள், ஒரு பல் மருத்துவர். மசாலாவோடு சிம் கார்டு, தங்க நகை, விமான டிக்கெட் விளம்பரங்கள் வந்தன. நேயர்களே ஆள் பிடித்துக் கொடுத்தார்கள். என் நண்பனை மாட்டிவிடுங்கள், என் மச்சானை அழ வையுங்கள் என்று எண்ணும் குறிப்பும் தருவார்கள். கூட இருப்பவன் அழுவதைக் கேட்பதற்கு நம் ஆட்கள் இவ்வளவு ஆசைப்படுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்படி வந்ததுதான் மாரிமுத்துவின் எண். கொடுத்தவன் செல்வம். அதே ஊர், அதே கேம்ப், அடுத்த கட்டில்.

"அண்ணனுக்கு லீவுப் பைத்தியம் சார்" என்றான். "வந்து நாலு வருசமாச்சு, ஒருதரம்கூட விடல. மாசாமாசம் லீவு லெட்டர் எழுதி ஆபீஸ்ல குடுப்பாரு. தமிழ்ல எழுதுவாரு சார். ஆபீஸ்ல தமிழ் படிக்க ஒருத்தன் கெடையாது. இருந்தாலும் எழுதுவாரு. நாங்க லீவு மாரிமுத்துன்னுதான் கூப்புடுவோம். லீவு சாங்சன்னு சொல்லுங்க சார், கூத்தப் பாருங்க."

4

அது வியாழக்கிழமை. ஏழு ஐம்பத்தொன்றுக்கு அடித்தேன். சைட்டில் இருந்தார். பின்னால் இரும்பு மோதும் சத்தம்.

"மாரிமுத்துவா? ஹெட் ஆபீஸ்லேருந்து பேசறேன். புதுசா வந்திருக்கிற மேனேஜர். தமிழ்தான்."

"சொல்லுங்க சார்."

"உங்க லெட்டர் எல்லாம் என் மேஜையில இருக்கு."

இரும்பு மட்டும் மோதிக்கொண்டிருந்தது. அவர் கூட்டத்திலிருந்து விலகி நடப்பது மூச்சில் தெரிந்தது.

"படிச்சீங்களா சார்?"

"எல்லாத்தையும் படிச்சேன். மனசு கேக்கல. இன்னிக்கே உங்களை அனுப்பறேன்."

"நெசமாவா சார்?" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை, மெதுவாக, "நெசமாவா சார்?"

இங்கே கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்போர்ட் முதலாளி கையில்தான் இருக்கும். லீவில் போகிறவனுக்குக் கம்பெனி ஆள் விமான நிலைய வாசலில் வைத்துத்தான் அதையும் டிக்கெட்டையும் கையில் கொடுப்பார். முன்கூட்டிக் கொடுத்தால் ஓடிவிடுவான் என்று பயம். ஆகவே நான் சொன்னது அவருக்குத் துளிகூடச் சந்தேகம் தந்திருக்காது. "ஷார்ஜா ஏர்போர்ட் வாசல்ல அஞ்சு மணிக்கு நில்லுங்க. பாஸ்போர்ட், டிக்கெட் ரெண்டையும் நானே கொண்டுவந்து தரேன்."

அவர் அழத் தொடங்கினார். பிள்ளை பிறந்ததையே பார்க்கவில்லை என்றார். அது இப்போது நடக்கிறதாம், பேசுகிறதாம், போனில் இவரை மாமா என்கிறதாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரான் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். மொழி தெரியாவிட்டாலும் அழுகை தெரியும். இன்னும் விடு, இன்னும் விடு என்று கையைச் சுழற்றினார். நானும் விட்டேன். வீட்டுக்கு என்ன வாங்கிப் போவீர்கள் என்று கேட்டேன். முதலில் யார் முகத்தைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். நன்றாக வந்துகொண்டிருந்தது. கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.

உடைப்பதற்காக வாயைத் திறந்தேன். கணினி எங்களை வெட்டியது. காதில் அரபிச் செய்தி ஓடியது.

தொலைபேசி இணைப்பு என்னவோ அப்படியேதான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் "சார், சார்" என்றுகொண்டிருந்தார். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஐந்து சொல் போதும். நான் ரானைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். செய்தி முடிந்ததும் காற்றில் உடைக்கலாம் என்று பொருள்.

"மாரிமுத்து, போனை வச்சிருங்க. அஞ்சு நிமிஷத்துல திரும்பக் கூப்பிடறேன்" என்றேன்.

"நீங்க நல்லாருக்கணும் சார்" என்று வைத்தார்.

5

எட்டு ஆறுக்குக் காற்றிலேயே திரும்ப அடித்தேன். எடுத்தது வேறு ஒருவர். பாகிஸ்தானி.

"மாரிமுத்து கிதர் ஹை பாய்?"

"வோ தோ கர் சலா கயா" என்றார் அவர் சந்தோஷமாக. வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது போனை எனக்குக் கொடுத்துவிட்டார். ஊரில் இது எதற்கு என்றார். ஃபோர்மேனை நாலு வருட பாக்கி எல்லாம் சேர்த்துத் திட்டினார். கையுறையைக் கழற்றி அவர் காலடியில் போட்டார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

நான் ஒரு பாட்டைப் போட்டேன்.

"அந்தாளுக்கு இப்ப ஆர் சொல்லுறது?" என்று கேட்டாள் சுகந்தி.

"செல்வம் சொல்லுவான்."

"அவர் டியூட்டியிலயெல்லோ நிக்கிறார். நீங்கள் ஒருக்கா எயார்போர்ட்டுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோவன். கிட்டத்தானே."

கிட்டத்தான். முவைலாவிலிருந்து விமான நிலையத்துக்கு ஆள் நடந்தே போய்விடலாம்; அவர் நடந்துதான் போயிருக்கிறார். எனக்குக் கார் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் லூலூ கடையில் ஏதாவது வாங்கித் தின்றுகொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு சுவாரசியமாகவும் இல்லை. வீட்டில் படுத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. போய் நின்றால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வானொலியில் இருப்பதன் வசதியே முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதுதான். மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. பிரியாணி சாப்பிட்டேன். வெட்கம் ஒரு தூக்கத்தில் தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை செல்வம் வந்தான். வந்தான் என்றால் உள்ளே வரவில்லை. எங்கள் நிலையம் இருப்பது கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த வளாகம். கேட் பாஸ் வேண்டும். பாஸுக்கு உள்ளே இருப்பவர் கடிதம் வேண்டும், லேபர் கார்டு நகல் வேண்டும், தொழிலாளி உடுப்பு இருக்கக் கூடாது. நான் கேட்டுக்குப் போனேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

மாரிமுத்து குக்கரையும் கம்பளியையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு போயிருக்கிறார். வியாழக்கிழமை இரவு அவர் திரும்பாததைக் கண்டு, ரேடியோக்காரர்களே உண்மையாக ஏதாவது டிக்கெட் கொடுத்துவிட்டார்களோ என்று செல்வம் நினைத்திருக்கிறான். அவர் இரண்டு நாள் விமான நிலைய வாசலில் நின்றிருக்கிறார். வெயில் வந்தால் தூண் பின்னால், போனால் மறுபடி வாசலில். இடத்தைவிட்டு நகர்ந்தால் சார் வந்து தேடுவாரே. சனிக்கிழமை காலை போலீஸ் பத்தாக்கா என்கிற அடையாள அட்டையைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு போயிற்று. அதற்குள் கம்பெனி அவரை ஓடிப்போனவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. ஃபோர்மேன் விரும்பிச் சாட்சி சொன்னார். இப்படி ஓடிப்போகிறவனுக்கு இங்கே கல்லிவல்லி என்று பெயர். அவர் எங்கேயும் ஓடவில்லை. நாடு முழுவதிலும் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்ற ஒரே ஆள் அவர்தான்.

"உண்மையை அவர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"ஜெயில்ல பாக்க விடல சார். விட்டாலும் நான் எப்பிடிச் சொல்லுவேன்? நம்பர் குடுத்தது நான்னு தெரிஞ்சா எங்க ஊருக்குள்ள நான் கால் வைக்க முடியுமா? நீங்க வந்து ஆபீஸ்ல சொன்னா விட்ருவாக சார். ரேடியோ விளையாட்டுன்னு ஒரு லெட்டர் குடுங்க சார், போதும்."

ஒரு கடிதம். அதைத்தான் அவரும் நாலு வருடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

6

ரானிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வண்ணப் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "எங்கள் ஊரில் இதைச் செய்திருந்தால் மத்தியானத்துக்குள் அந்த ஆள் மண்வெட்டியோடு மாடி ஏறி வந்திருப்பான்" என்றார். "நானும் வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த நாள் காற்றில் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கதவு தெருவில் இருந்தது."

எனக்கு அது இன்றுவரை மறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வட்டத்தைக் கொண்டுவந்தார்கள், துண்டுகளைக் கொண்டுவந்தார்கள். தெருவில் இருந்த கதவை மட்டும் கொண்டுவரவில்லை.

நிர்வாகம் கடிதம் தர மறுத்தது. கொடுத்தால் நாம்தான் செய்தோம் என்று ஆகிவிடுமாம். அதைவிட அவர்களுக்கு வேறு கவலை. வியாழக்கிழமை நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் போன்மேல் போன் போட்டார்கள். அந்த ஆளுக்குக் கடைசியில் தெரிந்ததா, என்ன சொன்னார், முடிவைப் போடுங்கள் என்றார்கள். முடிவு இல்லை. இல்லை என்று சொன்னால் ஏன் என்பார்கள்.

"நீ எல்லா ஊர்ப் பேச்சும் பேசுவாய் அல்லவா" என்றார் மேலாளர் என்னிடம்.

பேசுவேன். பதிவறையில் போய் உட்கார்ந்தேன். மேனேஜராக நானே உடைத்தேன். மாரிமுத்துவாக நானே பதில் சொன்னேன். "அடப்பாவிகளா, ரேடியோவா" என்று ராமநாதபுரத்துப் பேச்சில் வியந்தேன். பிறகு சிரித்தேன். முதல் சிரிப்பு சரியில்லை என்றார்கள். வயிறு குலுங்கச் சிரி, பாவம் நல்ல மனிதர், கோபமில்லை என்று தெரிய வேண்டும் என்றார்கள். நாலாவது சிரிப்பு ஓகே ஆனது. அந்த நேரம் அவர் ஜெயிலில் நாடுகடத்தப்படக் காத்துக்கொண்டிருந்தார்.

சுகந்தி அதைக் கேட்டுவிட்டுக் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "வடிவாச் சிரிக்கிறியள்" என்றாள். மாதக் கடைசியில் ஃபர்வானியாவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று குவைத்துக்குப் போய்விட்டாள். என்னோடு அதன்பின் பேசவில்லை.

ஆகவே உலகம் கேட்டு மகிழும் ரிங்டோனில் "நெசமாவா சார்" அவருடையது. சிரிப்பு என்னுடையது. பெற்ற மகளே அப்பாவின் சிரிப்பை அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. அந்த வீட்டில் அப்பா எவ்வளவு சிரித்திருப்பான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

7

ரான் அடுத்த வருடம் போனார். அனுப்பினார்கள். அவருடைய வட்டங்களைக் கணினியே போடக் கற்றுக்கொண்டது. சவூதியில் யான்புவில் எண்ணெய்க் கம்பெனி ஆட்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொன்னார். விடைபெற வந்தபோது அவருடைய கேட் பாஸ் காலையிலேயே செத்துவிட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், செல்வம் நின்ற அதே இடத்தில் நின்று கை காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன்.

ஆண்டு விழாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து வந்திருக்கும் புது நிகழ்ச்சித் தலைவர், என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், செல்வத்திடமிருந்து ஊர் எண்ணை வாங்கிவிட்டார். "அண்ணா, அவரை லைவ்ல கொண்டுவந்து, அதே லீவு வாய்ஸ்ல பேசி, மறுபடியும் ஒருவாட்டி சிரிக்க வைக்கிறோம். எமோஷனலா முடிக்கிறோம்" என்றார். மாரிமுத்து எதற்குச் சிரிப்பார்? காற்றில், அத்தனை பேர் முன்னால், முதன்முதலாக அவருக்கு உண்மை தெரியப்போகிறது. அதை உடைக்கப்போவதும் நான். ரானின் விதிப்படி எல்லாம் சரியாகத்தான் அமைந்திருந்தது.

விழா நடந்தது. மாரிமுத்து வரவில்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று நான்தான் சொன்னேன். பழைய ஒலிப்பதிவையே போட்டார்கள். கேக் வெட்டினார்கள். எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் தந்தார்கள்.

எண் உபயோகத்தில்தான் இருந்தது.

8

விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்த நேரம், காலிங் கார்டைச் சுரண்டி எண்ணை அடித்தேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாகத்தான் எண்ணம். எழுதியே வைத்திருந்தேன். இரண்டு தடவை மணி அடித்ததும் எடுத்தார்.

"மாரிமுத்துவா?"

"ஆமா. ஆரு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "சார்! லீவு குடுத்த சார்தான?" என்றார்.

நான்கு வருடத்துக்கு முன் ஒன்பது நிமிடம் கேட்ட குரல். ஒரே சொல்லில் பிடித்துவிட்டார்.

"எப்பிடி இருக்கீங்க?" என்றேன். எழுதி வைத்திருந்தது அது இல்லை.

"இருக்கேன் சார். கட்டட வேலைதான், மதுரைப் பக்கம். நீங்க நல்லாருக்கீகளா? அன்னைக்கு உங்களால வர முடியலபோல. அதனாலென்ன சார், பெரிய ஆபீசு, ஆயிரம் சோலி இருக்கும். எனக்கு வெசனமே இல்ல. என் லெட்டரப் படிச்ச ஒரே ஆளு நீங்கதான்."

"மாரிமுத்து, அது வந்து…"

"இந்தப் பயலுக என்ன சொல்றாங்கே தெரியுமா சார்? அது ரேடியோக்காரன் வெளையாட்டாம். லீவுல வந்த ஒருத்தன் செல்லுல போட்டே காமிச்சான். அதுல நான் சிரிக்கிறேன் சார். கெக்கெக்கேன்னு. நான் அன்னைக்கு அழுதேனே ஒழிய எங்க சார் சிரிச்சேன்? அப்ப அது வேற எவனோ. அங்கனயே தெரிஞ்சுபோச்சுல்ல, பொய்யின்னு."

என் நாலாவது சிரிப்பு இவரை இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருக்கிறது.

"சார், ஒரு ஒத்தாசை" என்றார் குரலைத் தாழ்த்தி. "இவளும் நம்ப மாட்டேங்கிறா. நான் ஃபோர்மேன அடிச்சிட்டு ஓடியாந்ததாச் சொல்றாக ஊருக்குள்ள. இவ அண்ணன்காரன் வீட்டுவாசல் மிதிக்கிறதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்தா, ஏ, இங்க வா, சார் லைன்ல இருக்காக."

அந்த அம்மாள் வந்தார். முதலில் மூச்சுதான் கேட்டது.

"சார், நான் அவுக வீட்டுக்காரி பேசுறேன். இவுக சொல்றது உள்ளதா சார்? நீங்கதான் லீவு குடுத்தீகளா?"

மேஜையில் எழுதி வைத்த காகிதம் இருந்தது. முதல் வரி மன்னிக்க வேண்டும் என்று தொடங்கியது.

"ஆமாம்மா. நான்தான் குடுத்தேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. என்னாலதான் அன்னிக்கு வர முடியல."

"அவுக எழுதுன லெட்டரப் படிச்சீகளா?"

"படிச்சேன்."

"என்ன சார் எழுதியிருந்தாக?" என்றார். கேட்கவே கூசுகிற மாதிரி கேட்டார். "எனக்கு ஒரு கடுதாசிகூடப் போட்டதில்ல. போன்ல பேசுனாலும் காசு அனுப்புனேன், வந்துச்சான்னுதான் கேப்பாக. வேற ஒண்ணும் பேச வராது."

அந்தக் கடிதங்களில் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. அலுவலகத்தில் எந்தக் குப்பையில் போட்டார்களோ. ஆனால் எனக்குத் தொழில் இதுதானே. தொடங்கினேன். உங்களைப் பற்றித்தான் எழுதியிருந்தார் என்றேன். பிள்ளை பிறந்தபோது நீங்கள் தனியாகக் கிடந்ததை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை என்று எழுதியிருந்தார். பத்து நாள் கொடுத்தால் போதும், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து எவ்வளவு நாள் சொன்னாலும் இருக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு கடிதத்திலும் இதுதான் இருந்தது என்றேன்.

பிறகு அவர் புருஷன் கேட்ட அதே குரலில், அதே இழுப்பில் கேட்டார்.

"நெசமாவா சார்?"

எட்டு மணிச் செய்தி எதுவும் குறுக்கே வரவில்லை. கார்டில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"நெசமாத்தாம்மா" என்றேன்.